கழுவிய நோட்டு

பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் எனக்கு முதலில் வந்தது வாசனைதான்.

பழைய நோட்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு. மரப்பெட்டியும் வியர்வையும் கொஞ்சம் பூஞ்சையும் சேர்ந்த வாசனை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் சிலதில் புகையிலை தெரியும், சிலதில் மீன். அன்றைக்கு அந்த உறைக்குள்ளிருந்து வந்தது இதில் எதுவும் இல்லை. பிளீச்சிங் பவுடர்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விடியற்காலையில் வார்டு கழுவும்போது எழும் அந்த நெடியை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். என் வீட்டுக் கூடத்தில், பிற்பகல் டீ குடிக்கும் நேரத்தில், ஒரு ரூபாய் நோட்டிலிருந்து அது வந்தது.

எதிரே ராயப்பன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய காசும் நோட்டும் விற்கும் கடைக்காரர். இருபது வருடத்துக்கும் மேலான பழக்கம். என் வீட்டுக்காரர் தாவூத் போட்டுக் கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு கொடுத்துவிட்டுப் பிரிப்பதைப் பார்ப்பவர் முகம் அது.

"எப்டி வந்திருக்குது பாருங்க சிஸ்டர். நேத்து அச்சடிச்ச மாரி."

நோட்டை வெளியே எடுத்தேன். விறைப்பாக நின்றது. போன மாதம் அவரிடம் நான் கொடுத்தபோது துவண்டு, பழுப்பேறி, துணி மாதிரி இருந்த நோட்டு. இப்போது ஓரம் கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. திருப்பினேன். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"இதுல எழுத்து இருந்துச்சே அண்ணே."

"ஆமா, அத எடுக்கத்தான் பெரும்பாடா போச்சி. ஊதாப் பென்சிலு இல்ல? பிளீச்சிங்கும் சோப்புத்தூளும் கலந்து ஒரு தடவ முக்குனா போவல. ரெண்டாந் தடவ போட்டுத் துணியில வச்சி ஒத்தி எடுத்தேன். அப்பறம் லேசாக் கஞ்சி குடுத்து இஸ்திரி."

வேட்டி வெளுத்த கதை போலச் சொன்னார்.

"எழுந்திரிங்க" என்றேன்.

ஏதோ காட்டக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"வெளிய போங்க."

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்திருந்தார். தாவூத் அதை வாங்கிக்கொண்டார்.  என் முகத்தைப் பார்த்தவர் யாரும் அன்றைக்கு ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

வாசற்படியில் செருப்பை மாட்டும்போதுதான் ராயப்பனுக்கும் கோபம் வந்தது.

"நல்லது பண்ணிட்டு ஏச்சு வாங்கிக்கினு போறேன். அந்தக் கிறுக்கல் இருந்தா எவன் மதிப்பான் அத? ஒங்க ஆல்பத்துல பளபளன்னு இருக்குதே, அதெல்லாம் பின்ன எப்டி வந்துதுன்னு நெனச்சீங்க?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் வாசலிலேயே நின்றது.

அது என்ன நோட்டு

இந்தத் தொடரில் ஆஸ்பத்திரிக் கதைகளையே எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று நோட்டுக் கதைக்கு வந்துவிட்டேன். இதுவும் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்ததுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பாண்டிச்சேரியில் சொல்தா என்போம். ஊசி போடப் போனால் கையை நீட்டமாட்டார். ஒரு நாள் நான் முறைத்தபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பெண் முகம் ஒன்று தலைக்கவசம் போட்டுக்கொண்டு அதிலிருந்து பார்த்தது. "ஒன்ன மாரியே மொறைக்கிறா பாரு, மத்மசேல்" என்றார். மத்மசேல் என்றால் பிரெஞ்சில் கல்யாணமாகாத பெண். வார்டே சிரித்தது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. சம்பளம் வாங்கியதும் அதே மாதிரி நோட்டு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு கடைகடையாக ஏறினேன். சேர்க்கும் பைத்தியம் அப்படிப் பிடித்தது.

நோட்டுக் கண்காட்சிகளுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது பிரெஞ்சு கவர்மென்ட் அடிச்சதா?" இல்லை. அன்றைக்கு இந்த ஊரின் ரூபாய் நோட்டை அச்சிட்டுக் கொடுத்தது ஒரு தனியார் வங்கி. கடல் கடந்த பிரெஞ்சு ஊர்களில் எல்லாம் கிளை வைத்து வியாபாரம் செய்த கம்பெனி. நோட்டு வெளியிடும் உரிமையை அதற்கு அரசாங்கம் கொடுத்திருந்தது. நம் ஊர்க் கிளை வெளியிட்ட நோட்டில் ரூபாய் என்று இருக்கும். எழுத்து பெரும்பாலும் பிரெஞ்சு. முதலாளி யாரோ, எங்கேயோ. ஆனால் அதைக் கையில் வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகியது இங்கே வலை இழுத்தவர்களும் மில்லில் நின்றவர்களும்தான். பிரெஞ்சுக்காரர் போன பிறகு அந்த நோட்டுகள் செல்லாமல் போயின. மாற்றாமல் விட்டவை பெட்டியடியில் கிடந்தன.

நான் தேடியது அந்தப் பெட்டியடியைத்தான். எனக்குப் படம் மட்டும் போதாது. யார் கை பட்டது என்று தெரியவேண்டும்.

அஞ்சலை கொடுத்தது

அஞ்சலை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். தவளக்குப்பத்தைத் தாண்டிக் கடலோரத்துக் குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் கூடையோடு வருவாள். எனக்கு வாடிக்கை. சங்கரா மீன் நல்லா இல்லாத நாளில் "இன்னிக்கு வாங்காத, போ" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

நான் பழைய நோட்டு சேர்க்கிறேன் என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், மீனைச் சுத்தம் பண்ணிப் பையில் போட்ட கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தாள்.

"இத நீ வச்சிக்க சிஸ்டரு. வூட்டுல ஓடு ஒழுவுது. எலி வேற. எம் பொண்ணு இத வெறுங் காயிதம்ன்றா. எங்கம்மா சாவுற வரிக்கும் தலமாட்டுல வச்சிருந்திச்சி."

ஒரு ரூபாய் நோட்டு. என்னை முறைத்த அதே பெண்முகம். அதன் வெள்ளை ஓரத்தில் ஊதாப் பென்சிலால், நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியிருந்தது:

*தங்கச்சி காதுகுத்துக்கு. யாரும் தொடக் கூடாது. மாணிக்கம்.*

மாணிக்கம் அஞ்சலையின் மாமா. அம்மாவுக்கு அண்ணன். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்துவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போனவன். தன் பங்கில் கிடைத்த முதல் நோட்டைச் செலவழிக்காமல், வீட்டில் யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்று அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறான். தங்கச்சிக்கு அப்போது நடக்கிற வயதுகூட ஆகவில்லை. காது குத்துவதற்கு முன்னால் அவன் போன கட்டுமரம் திரும்பி வரவில்லை. அந்த நோட்டைச் செலவழிக்க அவன் அம்மாவுக்குக் கை வரவில்லை. காதுகுத்து வேறு எப்படியோ நடந்தது. பிறகு நோட்டே செல்லாமல் போனது.

அஞ்சலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது குடும்பத்துக்கே மனப்பாடம். "யாரும் தொடக் கூடாது" என்று அவள் சொல்லிக் காட்டும்போது குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டாள், அந்தப் பையன் அதட்டுகிற மாதிரி.

நான் காசுப் பேச்சை எடுத்தபோது முறைத்தாள். மறுபடி எடுக்கவில்லை.

என்னிடம் எத்தனையோ நோட்டுகள் உண்டு. அதைவிட அரியவையும் உண்டு. அதைவிட நல்லது என்னிடம் இல்லை.

பழைய காசும் நோட்டும் சேர்ப்பவர்களுக்கான எங்கள் சங்கத்தின் கண்காட்சிக்காக அதைப் பெரிதாகப் படம் எடுத்து ஒரு பலகையில் வைக்கலாம் என்று ராயப்பன்தான் கேட்டார். எழுத்தோடு சேர்த்துப் படம் வரும், அஞ்சலையை அழைத்துவந்து காட்டலாம் என்று நான் ஆசைப்பட்டேன். கொடுத்தேன். படம் எடுக்கும் முன்பே கழுவிவிட்டார்.

விளக்கு

தாவூத்துக்கு ஒரு சின்னச் செருப்புக் கடை உண்டு. கள்ளநோட்டுப் பார்க்க அங்கே ஒரு விளக்கு வைத்திருக்கிறார். கைக்குள் அடங்கும். பேட்டரியில் எரியும். ஊதா வெளிச்சம்.

நாம் துணி துவைக்கும் சோப்புத்தூளில் வெண்மை காட்டுவதற்கு ஒரு மருந்து கலக்கிறார்கள். அது பட்ட இடம் அந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும். அந்தப் பழைய நோட்டுகள் அச்சான காலத்தில் அந்த மருந்து கிடையாது. கழுவாத பழைய காகிதம் அந்த விளக்குக்கு அடியில் மங்கலாக, உயிரில்லாமல் கிடக்கவேண்டும்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு ஆல்பத்தை எடுத்தேன். பக்கத்தில் தாவூத் உட்கார்ந்தார்.

முதல் பக்கம் இருட்டாகவே இருந்தது. அதில் இருந்தவை கடைகடையாக ஏறி நானே வாங்கியவை. இரண்டாவது பக்கத்தில் விளக்கைக் கொண்டுபோனதும் நீலம் பூத்தது. அடுத்ததிலும். ராயப்பனிடம் வாங்கியவை ஒவ்வொன்றும் கல்யாண மண்டப சீரியல் விளக்கு மாதிரி ஜொலித்தன.

"அழகாத்தான் இருக்குது" என்றார் தாவூத்.

நான் அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. விளக்கை அணைத்தேன், அவ்வளவுதான். அந்த நோட்டுகளில் எவ்வளவு எழுதியிருந்திருக்கும்? யார் பெயர்? எந்தக் கணக்கு? எந்தக் குழந்தை மூக்கு உறிஞ்சிக்கொண்டு போட்ட கோடு? எதுவும் இனித் தெரியப்போவதில்லை. சுத்தமான காகிதத்தைத்தான் இத்தனை வருடம் தடவித் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நம் ஊரில் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் எனக்கு இப்போதெல்லாம் இதே எரிச்சல்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள், ஒரே வெள்ளைக் கரை. வாசலுக்கு மேலே யாருடைய வீடு என்று சுண்ணாம்பில் பெயர் பதித்திருப்பார்கள். அதைச் செதுக்கி எடுத்துவிட்டு ஓட்டல் பெயரை மாட்டிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள், பழமை என்று.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

சங்கத்தில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் எங்கள் சங்கம் கூடும். தலைவர் சிவப்பிரகாசம், ஓய்வு பெற்ற இன்ஜினியர். எதையும் நிதானமாகப் பேசுவார். நோட்டைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். விளக்கைக் காட்டினேன். ராயப்பன் அன்றைக்கு வரவில்லை.

யாராவது கொதிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆளாளுக்கு மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் தன் பையின் ஜிப்பை மெதுவாக மூடினார். என் விளக்கு தன் பக்கம் வந்துவிடுமோ என்ற பயம்.

சிவப்பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிஸ்டர், ஒங்க வருத்தம் புரியிது. ஆனா இத இங்கியே விட்டுடணும். வெளிய போச்சின்னா பாண்டிச்சேரி நோட்டுன்னாலே எவனும் தொடமாட்டான். இங்க இருக்கற எல்லாரு ஆல்பமும் குப்பையாப் போயிடும். ஒங்க ஆல்பமுந்தான்."

"குப்பையா இருந்தா குப்பைன்னு சொல்லணும் சார்."

"ஒரு நோட்டுக்காக இவ்ளோ பேரத் தெருவுல நிறுத்தணுமா?"

"அந்த ஒரு நோட்டுல ஒரு மனுசன் எழுதி இருந்தான்."

பின் வரிசையிலிருந்து ஒருவர், "லேடீஸ்னா கொஞ்சம் சென்டிமென்ட் ஜாஸ்தி" என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போனது. கண்காட்சியில் வருகிறவர்களுக்கு டீயா, மோரா என்பது அடுத்த விஷயம்.

என்னோடு வேலை பார்த்த டாக்டர்களில் சிலரும் இப்படித்தான் சிரிப்பார்கள். நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னால், "சிஸ்டர் பயந்துட்டாங்க" என்பார்கள். பயமா அது? கவனித்துப் பார்த்தவளுக்கு வரும் கோபம். அதற்கு இந்த ஆண்கள் வைத்திருக்கும் பெயர் பயம், சென்டிமென்ட்.

மாலைக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் ஒரு செய்தி போட்டார். சங்கத்தின் நற்பெயரைக் காக்க எல்லோரும் ஒத்துழைக்கவேண்டும் என்று. வரிசையாகக் கட்டைவிரல் விழுந்தது. செய்தியில் என் பெயர் இல்லை. எல்லோருக்கும் தெரியும் யாருக்கு என்று.

"போவாத, விட்டுடு" என்றார் தாவூத், கண்காட்சிக்கு முந்தின நாள்.

"என் டேபிளுக்கு எடம் ஒதுக்கி இருக்காங்க. போவேன்."

"போயி?"

"என் நோட்ட வைக்கப்போறேன். வேற என்ன?"

அவர் எழுந்து போய் விளக்குக்குப் புதுப் பேட்டரி வாங்கி வந்தார்.

என் மேசை

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில். மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் சங்கத்துப் பேனர். கீழே வரிசையாக மேசைகள். சென்னையிலிருந்தும் கடலூரிலிருந்தும் சேகரிப்பவர்கள் வந்திருந்தார்கள்.

என் மேசையில் ராயப்பனிடம் வாங்கிய நோட்டுகளை மட்டும் வைத்தேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு அட்டை. எல்லாவற்றிலும் ஒரே சொல்: கழுவப்பட்டது. நடுவில் மாணிக்கத்தின் நோட்டு. அதன் கீழே அட்டையில், இதில் இருந்த எழுத்து என்று தலைப்புப் போட்டு, அவன் எழுதியதை அப்படியே எழுதியிருந்தேன். பக்கத்தில் விளக்கு, மேலே மூட ஒரு கறுப்புத் துணி.

முதலில் ஒரு தம்பதி வந்தார்கள். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். பிறகு இன்னும் சிலர். கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. சென்னைக்காரர் ஒருவர், அன்று காலைதான் அடுத்த மேசையில் வாங்கிய நோட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"இதையும் பாத்துடுங்க மேடம்."

பார்த்தோம். நீலம். அவர் நோட்டைக் கையில் பிடித்தபடி அடுத்த மேசைக்கு நடந்தார். அங்கே குரல் உயர்ந்தது.

சிவப்பிரகாசம் வந்தார். அப்போதும் நிதானம்தான்.

"சிஸ்டர், டேபிள எடுத்துருங்க."

"எதுக்கு சார்? பொய் எதனா எழுதி இருக்கனா?"

அவர் குனிந்து மேசைக்கடியில் ப்ளக்கைத் தேடிப் பிடுங்கினார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேன் நின்றது. விளக்கு எரிந்தபடியே இருந்தது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. அட்டைகளை அள்ளக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். ஊசிக்குப் பயந்து உதறும் எத்தனையோ கைகளைப் பிடித்தவள். உருவிக்கொள்ள அவரால் முடியவில்லை.

"வுடுங்க."

"நீங்க வுடுங்க."

அந்த நேரத்தில்தான் ராயப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சவரம் செய்யாத முகம். என் அட்டைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். நான் கத்தத் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"சொல்லுங்க சார்" என்றார் தலைவரிடம். "நான் மட்டுமா? ஒங்க நோட்டக் கழுவச் சொல்லி எங்கிட்ட எத்தினி தடவ குடுத்தீங்க? ஓரத்துல பேரு இருக்குது, எடுத்துடு ராயப்பான்னு யாரு சொன்னது?"

"ஒளறாதய்யா."

"ஒளறல. சிஸ்டரு எம்மேல கோவப்படட்டும், நாயம் இருக்குது. நீங்க போன வாரம் எனக்குப் போன் போட்டு, எல்லாத்தயும் நீயே ஒத்துக்கினு சங்கத்த வுட்டுப் போயிடுன்றீங்க. நான் போயிட்டா ஒங்க ஆல்பம் வெளக்குல மின்னாம கறுத்துடுமா?"

நான் தலைவரின் கையை விட்டேன். பிடித்துக்கொண்டிருக்கவே அருவருப்பாக இருந்தது.

சென்னைக்காரர் விளக்கை எடுத்தார். என்னிடம் கேட்கக்கூட இல்லை. நேராக மேடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியில் தலைவர் பெயரோடு இருந்த நோட்டுகளின் மேல் பிடித்தார். பின்னாலேயே கூட்டம் போனது. நான் போகவில்லை. நீலமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மதியத்துக்குள் மண்டபம் காலியாகிவிட்டது. மோர்ப் பானையில் பாதி மீந்திருந்தது.

பிறகு

சங்கம் இரண்டாகிவிட்டது. தலைவர் தலைமையில் ஒன்று, அவர் இல்லாமல் ஒன்று. இரண்டு பக்கத்தாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாரோ என்னை எடுத்துவிட்டார்கள். மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் சிலர் எதிர்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். என்னால்தான் நஷ்டம் என்று பேசிக்கொள்கிறார்களாம். கழுவியவனால் இல்லை, கழுவச் சொன்னவரால் இல்லை. விளக்கு வைத்திருந்தவளால்.

நான் தூங்குகிறேனா, கோபம் ஆறியதா என்று வெளியூரில் இருக்கும் என் மகள் போனில் கேட்கிறாள். தூங்குகிறேன். கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஒரு காரியம் மட்டும் பாக்கி இருந்தது. அஞ்சலையிடம் இன்னும் சொல்லவில்லை.

கண்காட்சி முடிந்த வாரத்தில் ஒரு காலை, கூட்டம் குறைந்த பிறகு போனேன். நோட்டைக் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அந்த வெள்ளை ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். படிக்கத் தெரியாதவள், எழுத்து எந்த இடத்தில் இருந்தது என்று சரியாக அங்கேயே தடவினாள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்தினாள்.

"அவன் கட எங்க இருக்குது?"

"எதுக்கு அஞ்சல?"

"காட்டு."

பக்கத்துக் கடைப் பெண்ணிடம், "கொஞ்சம் பாத்துக்க" என்று கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். நான் முன்னால் நடந்தேன்.

ராயப்பன் கடையில்தான் இருந்தார். வாடிக்கையாளர் யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். பின்னால் மீன் வாடையோடு வந்தவளைப் பார்த்துக் குழம்பினார். அஞ்சலை நோட்டைக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

"இதுல இன்னா எழுதி இருந்திச்சி?"

அவர் என்னைப் பார்த்தார்.

"அவள ஏன் பாக்குற? நீதான அழிச்ச. நீ சொல்லு. இன்னா எழுதி இருந்திச்சி?"

ராயப்பன் உதட்டை நனைத்துக்கொண்டார். கண்காட்சியில் என் அட்டையில் பார்த்ததாவது நினைவிருக்கும் என்று நினைத்தேன். அதையும் அவர் படிக்கவில்லை போலிருக்கிறது.

"படிக்கலம்மா."

"படிக்காமயா அழிச்ச?"

"கறைன்னு நெனச்சேன்."

"நீ படிச்சவன்தான?"

அவர் மேசையில் கிடந்த நோட்டைப் பார்த்தார். அஞ்சலை காத்திருந்தாள்.  திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. இரண்டையும் நான் எதிர்பார்த்தேன், ராயப்பனும் எதிர்பார்த்திருப்பார். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் பின்னால் கண்ணாடி அலமாரியில் வெள்ளை வெளேரென்று நோட்டுகள் வரிசையாக நின்றன.

அஞ்சலை நோட்டை எடுத்துக்கொண்டாள்.

"இது எங்கிட்டியே இருக்கட்டும் சிஸ்டரு."

"ஒன்னுதுதான்" என்றேன்.

அதை இரண்டாக மடித்தாள். இஸ்திரி போட்ட காகிதம் மொறுமொறுவென்று சத்தம் போட்டது. பழைய நோட்டை மடிக்கக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நகத்தால் மடிப்பை அழுத்தித் தேய்த்து, நான்காக மடித்து, மீன் செதில் ஒட்டியிருந்த சுருக்குப்பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தாள்.